தெளிந்த நீரும் தூய நீரும்

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. அப்பழமொழியைச் சிறிதே மீறித் தண்ணீரின் குறைகளைப் பற்றிப் பேசவே நான் இன்று உங்கள் முன் வந்துள்ளேன். பழித்தல் என் நோக்கம் அன்று, அறிதலே நோக்கம். இந்நாளில் நகரங்களிலும் சிற்றூர்களிலும் பல வீடுகளின் சமையலறையில், ‘சிங்க்’ என்று நாம் வழங்கும் கழுவுதொட்டியின் அடியிலோ அருகிலோ ஒரு வடிகட்டி இடம்பெற்றிருக்கிறது. விலை கொடுத்து வாங்கியவுடன் அச்சம் நீங்கிவிட்டதாகக் கருதி நாம் அமைதி அடைகிறோம். அவ்வமைதி நியாயமானதுதானா என்பதை மாணவர்களாகிய நீங்கள் ஆராய்தல் வேண்டும்.

கண்ணாடிக் குவளை ஒன்றில் நீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கலங்கல் இல்லை; நிறம் இல்லை. உடனே ‘தூய நீர்’ என்கிறோம். ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. நீரில் கலந்திருக்கக்கூடியவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, மண், துரு முதலிய மிதக்கும் துகள்கள். இரண்டாவது, நுண்ணுயிர்கள். மூன்றாவது, வாடையும் நிறமும் தரும் கரிமப் பொருள்கள். நான்காவது, நீரில் முற்றிலும் கரைந்து நிற்கும் உப்புகள். இந்நான்கில் முதலாவதையே கண் காண்கிறது; மூன்றாவதை நாக்கும் மூக்கும் ஓரளவு உணர்கின்றன. நோய் தரும் நுண்ணுயிரோ கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படாமல் நிற்கிறது. பளிங்கு போன்ற நீரிலும் அது வாழும்.

அதன் அளவை எண்ணிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். சீதபேதிக்குக் காரணமான சில ஓரணு உயிர்களின் கூடுகள் 10 மைக்ரான் அளவின. வாந்திபேதியை விளைவிக்கும் கிருமியின் நீளம் ஒன்று முதல் மூன்று மைக்ரான் வரை. அகலமோ அரை மைக்ரான் அளவே. மஞ்சட்காமாலையின் ஒரு வகைக்குக் காரணமான வைரசு, ஒரு மைக்ரானில் முப்பதில் ஒரு பங்கிற்கும் சிறியது. கரைந்த உப்பின் துகள்கள் இவை எல்லாவற்றையும்விடச் சிறியன. எனவே, எத்தனை நுண்ணிய சல்லடை வேண்டும் என்ற வினாவுக்கு விடை, எதைத் தடுக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டார் இதனை முற்றிலும் அறியாதவர் அல்லர். கலங்கிய நீருள்ள குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தால், மண் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் படிந்துவிடும். இன்று நகராட்சி நிலையங்களில் படிகாரம் செய்யும் பணி இதை ஒத்ததே. துணியால் நீரை வடித்தலும் பழைய வழக்கம். வங்காள தேசத்துச் சிற்றூர்களில் ரீட்டா கோல்வெல் என்ற அறிவியலாரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பழஞ்சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து நீரை வடித்த ஊர்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சேலையின் கண்கள் கிருமியைவிடப் பன்மடங்கு பெரியன. பின் எவ்வாறு அது தடுத்தது? அக்கிருமிகளுள் பல, குளத்து நீரில் வாழும் மிகச் சிறு மிதவை உயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. சேலை அவ்வுயிர்களைத் தடுத்தது. அவற்றோடு கிருமிகளும் நின்றுவிட்டன. பாதி குறைந்தது என்பது பெருமை. பாதி எஞ்சியது என்பது பாடம்.

வடிகட்டுதலின் பெருமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 1892ஆம் ஆண்டில் செருமானிய நாட்டில் நடந்தது. எல்பு ஆற்றங்கரையில் ஆம்பர்க்கு, ஆல்டோனா என்னும் இரு நகரங்கள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டும் அவ்வாற்று நீரையே பருகின. ஆம்பர்க்கு நகரார் ஆற்று நீரை வடிகட்டாமல் பயன்படுத்தினர். ஆல்டோனா நகரமோ ஆம்பர்க்கின் கழிவுகள் கலந்தபின் கீழே வரும் அழுக்கு நீரையே எடுத்தது. ஆனால் அதனை மணற்படுகையின் வழியே மெல்ல வடித்து வழங்கியது. அவ்வாண்டு வாந்திபேதி பரவியபோது ஆம்பர்க்கில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். ஆல்டோனாவில் நோய் மிகக் குறைவாகவே தோன்றியது. இரு நகரங்களின் எல்லையாக அமைந்த ஒரு தெருவில், ஒரு பக்கத்து வீடுகளில் நோய். எதிர்ப் பக்கத்தில் நலம். காற்று ஒன்று, மண் ஒன்று, வெயில் ஒன்று; தண்ணீர்க் குழாய் மட்டும் வேறு. 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியைப் பற்றித் தம் ஆய்வை நிறைவு செய்த இராபர்ட்டு காக்கு என்ற அறிஞர், இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து, வடித்த நீரே ஆல்டோனாவைக் காத்தது என்று காட்டினார்.

மணலின் இடைவெளிகளும் கிருமியைவிடப் பெரியனவே என்பதை நீங்கள் கேட்கக்கூடும். உண்மை. மெல்ல வடியும் மணற்படுகையின் மேற்பரப்பில் சில நாள்களில் வழுவழுப்பான ஓர் உயிர்ப்படலம் உண்டாகிறது. அப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்களே நீரில் வரும் கிருமிகளைப் பற்றி உண்டு அழிக்கின்றன. சென்னையில் கீழ்ப்பாக்கம் நீர் நிலையத்தில் 1914ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வடிபடுகைகளும் இம்முறையைச் சார்ந்தவையே.

அதே 1892ஆம் ஆண்டில் வடிகட்டியின் எல்லையும் வெளிப்பட்டது. பாசுடரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சேம்பர்லாண்டு என்பவர், மெருகிடாத பீங்கானால் ஒரு வடிகட்டியை 1884ஆம் ஆண்டில் அமைத்திருந்தார். பாக்டீரியா எதுவும் அதனைக் கடக்க இயலாது. உருசிய நாட்டு இவனோவ்சுகி, நோயுற்ற புகையிலை இலையின் சாற்றை அவ்வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறு நலமான செடிக்கும் நோயைத் தந்தது! பாக்டீரியாவினும் நுண்ணிய ஏதோ ஒன்று கடந்து வந்திருக்கிறது என்பது புலனாயிற்று. இன்று வைரசு என்று நாம் அழைக்கும் பொருளைப் பற்றிய அறிவு அங்கே தொடங்கிற்று. நம் வீடுகளில் உள்ள பீங்கான் ‘கேண்டில்’ இவ்வடிகட்டியின் வழித்தோன்றலே. அது பாக்டீரியாவைப் பெரும்பாலும் தடுக்கும். வைரசை முழுமையாகத் தடுக்கும் என்று நம்புதல் தவறு.

இனி, கழுவுதொட்டியின் அடியில் நாம் பொருத்தும் கருவிக்கு வருவோம். பொதுவாக அதில் சில கட்டங்கள் உள்ளன. முதற்கட்டம், நூலாலோ நாராலோ ஆகிய துகள் வடிப்பான். ஐந்து மைக்ரான் அளவுக்கு மேற்பட்ட மண்ணையும் துருவையும் அது நிறுத்தும். இரண்டாவது, செயலூட்டிய கரி. தேங்காய் ஓடு போன்றவற்றைக் கரியாக்கி, நீராவியால் அதில் எண்ணிறந்த நுண்துளைகளை உண்டாக்குவர். அக்கரியில் ஒரு கிராமுக்குள் அடங்கிய பரப்பை விரித்தால் ஐந்நூறு சதுர மீட்டருக்கும் மிகும். வாடை தரும் பொருள்களும் குளோரினும் அப்பரப்பில் நீங்குகின்றன. உப்பையும் கடினத்தையும் புளோரைடையும் கரி நீக்காது. மூன்றாவது கட்டமே வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது: சிலவற்றில் நுண்துளைச் சவ்வு, சிலவற்றில் புற ஊதா விளக்கு, சிலவற்றில் ‘ஆர்.ஓ.’ என்று மக்கள் வழங்கும் எதிர்ச் சவ்வூடு பரவல்.

புற ஊதாக் கதிர் கிருமிகளின் மரபுப் பொருளைச் சிதைத்து, அவை பெருக முடியாமல் செய்கிறது. ஆனால் நீர் தெளிவாக இருத்தல் வேண்டும். ஒரு மண் துகளின் நிழலில் ஒளிந்த கிருமி தப்பிவிடும். ஆதலின் துகள் வடிப்பான் விளக்குக்கு முன்னே அமைகிறது.

எதிர்ச் சவ்வூடு பரவலை விளங்கிக்கொள்ள உலர்ந்த திராட்சையை நீரில் இட்டுப் பாருங்கள். நீர் தோலைக் கடந்து உள்ளே சென்று திராட்சையைப் பருக்கச் செய்கிறது. செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்கு நீர் செல்வதே இயற்கை. செறிந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால், நீர் எதிர்த்திசையில் வரும், உப்பு பின்தங்கும். இதற்கேற்ற சவ்வை அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சௌரிராசனும் 1960ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கினர்.

இத்தனை ஆற்றலுள்ள முறை இருக்க, அதனையே எல்லா வீட்டிலும் பொருத்திவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஆராய்ச்சி வேண்டும். ஒரு குடம் நல்ல நீர் கிடைக்க, வீட்டுக் கருவி பெரும்பாலும் இரண்டு மூன்று குடம் உப்பு நீரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியுள்ள வீட்டுக்கு அது தேவையான செலவு. உப்புக் குறைந்த ஆற்று நீர் குழாயில் வரும் வீட்டுக்கு அது வீண் செலவு. ஆகவே கருவியை வாங்குமுன் நீரைச் சோதித்தல் வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரம், கரைந்த பொருள்கள் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் வகுத்துள்ளது. புளோரைடுக்கு அவ்வளவுகள் 1.0, 1.5 மில்லிகிராம். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தமையால்தான், 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. அத்தகைய நீரைக் கொதிக்க வைத்துப் பயனில்லை. நீர் ஆவியாகப் போகப் போக புளோரைடின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. கொதித்தல் கிருமிக்கு மருந்து, உப்புக்கு அன்று.

அடுத்து எண்ண வேண்டியது அழுத்தம். பத்து மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தன் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தம் தரும். நம் மாடித் தொட்டியின் நீர்மட்டம் சமையலறைக் குழாய்க்கு நான்கு மீட்டர் மேலே இருந்தால், அழுத்தம் 0.4 கிலோகிராமே. எதிர்ச் சவ்வூடு பரவலுக்கு மூன்று நான்கு கிலோகிராமேனும் வேண்டும். ஆதலால் அக்கருவியில் சிறு மின்பம்பு உள்ளது. மின்சாரம் உள்ள இடத்தில் நீர் சொட்டுவது ஆபத்து. மின்செருகியைக் குழாய்களுக்கு மேலே, நில இணைப்புடன், தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டே அமைக்க வேண்டும்.

பொருத்தும் முறை கடினமானது அன்று. பொறுமையே அதற்கு முதற்கருவி. முதலில் தொட்டியின் அடியில் உள்ள ‘ஆங்கிள் வால்வை’ மூடி, மேலே குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். வால்வுக்கும் மேற்குழாய்க்கும் இடையே மூன்று வாயுள்ள ஓர் இணைப்பைப் பொருத்தினால், ஒரு கிளை வடிகட்டிக்குக் கிடைக்கும். திருகு மரைகளின் மேல் டெப்லான் நாடாவை, மரை முறுகும் திசையிலேயே நான்கைந்து சுற்றுச் சுற்றுதல் வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது அது பிரிந்து வந்துவிடும். வடிகலங்களைச் சுவரில் மாட்டும்போது, அவற்றின் கீழே கிண்ணத்தைக் கழற்றி எடுக்கப் போதிய இடம் விட வேண்டும். இதனை மறந்தவர்கள் வடிப்பானை மாற்றும் நாளில் கருவி முழுவதையும் சுவரிலிருந்து கழற்ற நேரும். ஒவ்வொரு வடிகலத்தின் தலையிலும் நீர் செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி உண்டு; அதனைப் பார்த்தே குழல்களை இணைக்க வேண்டும்.

நெகிழிக் குழலைக் கூரிய கத்தியால் நேராக வெட்டுதல் வேண்டும். சாய்வாக வெட்டிய முனை, இணைப்பினுள் இருக்கும் ரப்பர் வளையத்தில் சரியாகப் படியாது. முனையை இறுதிவரை உள்ளே செலுத்திப் பின் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெளியே வரவில்லையானால் இணைப்பு நன்று. கிண்ணங்களைக் கையால் இறுக்கி, உடன் வரும் சாவியால் சிறிதே திருப்பினால் போதும். வலிமை முழுவதையும் காட்டினால் நெகிழி வெடிக்கும். வடித்த நீருக்கெனத் தனிக்குழாய் ஒன்றை மேடையில் நிறுத்தல் நலம். கருங்கல் மேடையானால் துளையிடுவதைப் பழகிய பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். புதிய கரியிலிருந்து முதலில் கறுத்த நீர் வரும். தெளியும் வரையில் அதனைக் கொட்டிவிட வேண்டும். பிறகு ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் உலர்ந்த செய்தித்தாளை விரித்து, ஓர் இரவு கழித்துப் பாருங்கள். கண் காணாத கசிவைத் தாள் காட்டிக்கொடுக்கும்.

இவை அனைத்தையும் நான் செவ்வனே செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் நானே ஒரு வடிகட்டியைப் பொருத்தி, ஒரு சொட்டும் கசியாதது கண்டு பெருமிதம் அடைந்தேன். அன்று முதல் நீரைக் கொதிக்க வைக்கும் வழக்கத்தையும் கைவிட்டோம். ஒன்றரை ஆண்டு சென்றது. என் தங்கை மகள் தன் இரண்டு வயதுக் குழந்தையுடன் வந்து தங்கியிருந்தாள். மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கண்கள் குழிந்து, அழவும் வலியின்றிக் கிடந்த அக்குழந்தையை மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். “எந்தத் தண்ணீர் கொடுக்கிறீர்கள்?” என்றார் அவர். “வடிகட்டிய தண்ணீர்தான், டாக்டர்” என்றேன் சற்றுப் பெருமையுடன். “அந்த வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள்?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

வீடு திரும்பிக் கிண்ணத்தைக் கழற்றினேன். வெண்ணிறமாக இருந்த துகள் வடிப்பான் பழுப்பேறி, வழுவழுத்திருந்தது. கரியின் கிண்ணத்தில் குளத்துச் சேற்றின் வாடை எழுந்தது. நகராட்சியார் நீரில் கலந்து அனுப்பிய குளோரினைக் கரி நீக்கிவிட்டது; காவல் நீங்கிய இடத்தில் கிருமிகள் குடியேறிவிட்டன. உப்பும் சர்க்கரையும் கலந்த மருந்து நீரால் குழந்தை நான்கு நாளில் தேறிற்று. அந்நோய்க்கு அவ்வடிகட்டியே காரணம் என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது. அன்று என்று சொல்லவும் என் மனம் துணியவில்லை. “போகட்டும் மாமா, நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள்?” என்று தங்கை மகள் ஆறுதல் கூறினாள். அவ்வாறுதலே எனக்குப் பெருந்தண்டனை ஆயிற்று.

மணற்படுகையில் உயிர்ப்படலம் காவலாயிற்று. என் கரிக்கிண்ணத்தில் அது கேடாயிற்று. ஏன் இவ்வேறுபாடு? ஆல்டோனாவின் படுகையை நாள்தோறும் மேற்பார்வையிட்டு, படலம் தடித்தபோது மேல்மணலைச் சுரண்டி அகற்றும் பணியாளர் இருந்தனர். என் வடிகட்டிக்கு அத்தகைய பணியாளன் நானே, நான் உறங்கிவிட்டேன்.

ஆகவே சில பழக்கங்களை மேற்கொள்ளுங்கள். பொருத்திய நாளைக் கிண்ணத்தின் மேல் எழுதி ஒட்டுங்கள். துகள் வடிப்பானையும் கரியையும் கருவியோடு வரும் குறிப்பேட்டில் கண்ட காலத்தில் தவறாது மாற்றுங்கள். நீர் வரும் வேகம் அதற்கு முன்னரே குறைந்தால் அப்போதே மாற்றுங்கள். புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருப்பதாலேயே அது பணி செய்வதாக எண்ணாதீர்கள். ஒளி இருக்கும்போதே அதன் கிருமி கொல்லும் ஆற்றல் குன்றிவிடும். பல நாள் ஊர் சென்று திரும்பினால், தேங்கிய நீரை நன்கு ஓடவிட்ட பின்னரே பருகுங்கள். வடித்த நீரில் குளோரின் காவல் இல்லை. ஆதலின் அதனை மூடிய கலத்தில் வைத்து அன்றன்றே பயன்படுத்துங்கள். மாடித் தொட்டியையும் நிலத்தடித் தொட்டியையும் கழுவாமல் வடிகட்டியை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. நோயாளியும் குழந்தையும் உள்ள வீட்டில், ஐயம் தோன்றினால், நீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். பழைய முறை என்று அதனை இகழ வேண்டா. வைரசு உட்பட நோய்க்கிருமிகளை அது அழித்துவிடும்.

மாணவர்களே, இன்று வீடு திரும்பியதும் சமையலறைத் தொட்டியின் அடியில் குனிந்து பாருங்கள். அங்கே ஒரு வடிகட்டி இருக்குமாயின், அதில் எத்தனை கட்டங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பவற்றை உங்கள் தாய் தந்தையரிடம் கேளுங்கள். மருத்துவர் கேட்கும் முன்னே நீங்கள் கேட்டுவிடுதல் நலம்.